தீயுண்ட கலச மகால்

எங்கள் ஊர் போடிநாயக்கனூர். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில், கொட்டக்குடி ஆற்றுக்கு அருகில் அமைந்த ஊர். மலைமேல் விளையும் ஏலக்காய் மூட்டை மூட்டையாக இறங்கி வந்து விலை பேசப்படும் இடம். இவ்வூருக்கும், சென்னைக் கடற்கரையில் ஆர்க்காட்டு நவாப் வாழ்ந்த மாளிகை ஒன்றுக்கும் யாது தொடர்பு என்று நீங்கள் வினவலாம். எங்கள் மலைச்சரிவில் தானே முளைத்துத் தானே காய்க்கும் கடுக்காயே அத்தொடர்பு. மருந்துக்கு உதவும் அக்காய், தீயில் வெந்த அரண்மனை ஒன்றை மீண்டும் எழுப்புவதற்கும் உதவியது. அவ்வரலாற்றை இங்குக் காண்போம்.

சென்னைக் கடற்கரைச் சாலையில் வடக்கிலிருந்து தெற்கு நோக்கிச் செல்வோர் முதலிற் காண்பது பல்கலைக்கழகம். 1857-ஆம் ஆண்டில் தோன்றிய அக்கழகத்தின் செனட் மாளிகை, 1874 முதல் 1879 வரை கட்டப்பெற்றது. அதனைக் கடந்தால் சேப்பாக்கம். பாக்கம் என்பது கடற்கரை ஊர்களுக்குப் பழந்தமிழர் வழங்கிய பெயர். அச்சேப்பாக்கத்தில், அரசு அலுவலகக் கட்டடங்களுக்குப் பின்னே மறைந்து நிற்கின்றது பழைய அரண்மனை. அதன் வடபகுதிக்குக் கலச மகால் என்றும், தென்பகுதிக்கு ஹுமாயூன் மகால் என்றும் பெயர். சாலையிற் செல்வோர் கண்ணுக்கு அஃது எளிதிற் புலப்படாது. நானே அவ்வழியாகப் பன்முறை சென்றும், பல ஆண்டுகள் அதனை அறிந்தேனில்லை.

ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா, கம்பெனியாரின் கோட்டைக்கு அருகிலேயே வாழ விரும்பிச் சேப்பாக்கத்தில் 117 ஏக்கர் நிலத்தில் இவ்வரண்மனையை அமைத்தார். 1768-ஆம் ஆண்டில் அது முடிவுற்றது. பொறியாளராக வந்து ஒப்பந்தக்காரராக மாறிய பால் பென்பீல்டு என்னும் ஆங்கிலேயர் அதனைக் கட்டினார் என்பர். பின்னாளில் நவாபுக்குக் கடன் கொடுத்து வட்டி வாங்கியோருள் அவரும் ஒருவர். வளைந்த வாயில்களும், குவிந்த கவிகைகளும், உயர்ந்த தூண்களும் ஒருங்கே அமைந்த அவ்வரண்மனை, பிற்காலத்தில் இந்தோ-சாரசனிக் பாணி என்று பெயர் பெற்ற கட்டடக் கலைக்கு முன்னோடி என்று அறிஞர் கருதுவர். 1855-இல் கடைசி நவாப் மக்கட்பேறின்றி இறந்தார். நவாப் என்னும் பட்டமும் அதனோடு ஒழிக்கப்பட்டது. அரண்மனை அரசினர் கைக்குச் சென்றது. இராபர்ட் சிசம் என்னும் கட்டடக் கலைஞர் இரு மகால்களுக்கும் இடையே ஓர் உயர்ந்த கோபுரத்தை எழுப்பினார். செனட் மாளிகையைக் கட்டியவரும் அவரே. அதுமுதல் அரண்மனை அலுவலகமாயிற்று. நவாபின் உறவினர் இருந்த அறைகளில் எழுத்தர்கள் இருந்தனர். பட்டுத் திரைகள் தொங்கிய இடங்களில் கோப்புகள் அடுக்கப்பட்டன.

பழைய மாளிகை ஒன்று அலுவலகமாகும்போது நேர்வது யாதெனின், அதன் பெருங்கூடங்கள் மரத்தட்டிகளால் சிற்றறைகளாகப் பிரிக்கப்படும். மின்கம்பிகள் நாளுக்கு நாள் பெருகும். எவரும் படியாத காகிதங்கள் கூரையைத் தொடும். மாளிகை, தன்னை அறியாமலே ஒரு விறகுக் கிடங்காக மாறிவிடும். பின்னர் ஒரு பொறி போதும்.

2012-ஆம் ஆண்டு சனவரி 16-ஆம் நாள் அப்பொறி விழுந்தது. பொங்கல் விடுமுறையின் நள்ளிரவு, ஊர் உறங்கிக்கொண்டிருந்தது. கலச மகாலில் மூண்ட தீ, காகிதத்தையும் மரத்தையும் பற்றி மேலேறியது. தீயணைப்புப் படையினர் விரைந்து வந்து உள்ளே புகுந்தனர். அவ்வேளையில் கூரை இடிந்து விழுந்தது. வீரர் ஒருவர் உயிர் நீத்தார். படையை முன்னின்று நடத்திய பெண் அதிகாரி ஒருவர் கடுந்தீக்காயம் உற்றார். பொழுது புலர்ந்தபோது கூரை இல்லை, தளங்கள் இல்லை, ஆவணங்கள் பல சாம்பலாயின. கரிபடிந்த நெடுஞ்சுவர்கள் மட்டும் வானத்தை நோக்கி நின்றன.

அக்கூரை ஏன் இடிந்தது என்பதை அறிதல் வேண்டும். இதனை அறியாதார் பழைய வீட்டையும் அறியார்.

இக்காலத்தில் நாம் கூரைக்கு இரும்புக் கம்பி பின்னிச் சிமெண்டுக் கலவை ஊற்றுகிறோம். பழங்காலத்தார் செய்த முறை வேறு. முதலில் சுவரின்மேல் தேக்கு உத்திரங்களைக் குறுக்கே இடுவர். உத்திரங்களின்மேல் நெருக்கமாக மரச் சட்டங்களைப் பரப்புவர். சட்டங்களின்மேல் மெல்லிய சிறு செங்கற்களை விளிம்பின்மேல் நிற்குமாறு, மூலைவாட்டமாக, சுண்ணாம்புச் சாந்து கொண்டு ஒட்டிச் செல்வர். அதன்மேல் செங்கற் சல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையை நாலைந்து அங்குலம் கொட்டி, மரக்கட்டையால் அடித்து இறுக்குவர். இறுதியில் தட்டோடு பதித்து மூடுவர். மதராஸ் தளம் என்று பொறியாளர் இதனைக் கூறுவர். எங்கள் ஊரில் இதனைக் கொண்ட வீட்டைக் காரை வீடு என்பர்.

எங்கள் வீட்டுக்கு இவ்வாறு தளம் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். பத்துப் பன்னிரண்டு பெண்கள் இரு வரிசையாக எதிரெதிரே குந்தியிருந்து, கையில் தட்டையான மரக்கட்டை பிடித்து, ஒருவர் பாட மற்றவர் பின்பாடத் தளத்தை அடிப்பார்கள். ஒருத்தி செம்பிலிருந்து கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துக்கொண்டே செல்வாள். காலையில் அடிக்கத் தொடங்கினால் மாலைவரை அவ்வோசை தெருவெல்லாம் கேட்கும். முதல் நாள் கட்டை பதியும். மறுநாள் குறைவாகப் பதியும். அதற்கடுத்த நாட்களில் கட்டை துள்ளி எழும். கட்டை துள்ளிய பின்னரே அடிப்பதை நிறுத்துவார்கள். அளவுகோல் எதுவும் இல்லை, அத்துள்ளலே அளவு. வெல்ல நீரின் மணத்துக்கு எறும்பும் வரும், நாங்களும் வருவோம். என் தந்தையார் எங்களை விரட்டுவார்.

இத்தகைய தளம் மிகுந்த எடை உடையது. அவ்வெடை முழுவதையும் தாங்குவன மர உத்திரங்களே. தேக்கு உடனே எரிந்து விழுவதில்லை. அதன் புறம் கரியாகி, அக்கரியே உள்ளிருக்கும் மரத்துக்குச் சிறிது நேரம் கவசமாகின்றது. பொதுவாக மரம் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒன்றரை அங்குல ஆழம் கரிந்து போகும் என்று ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர். தீ பல பக்கங்களிலிருந்து தின்னும்போது, பருத்த உத்திரமும் மெலிந்து மெலிந்து ஒரு நொடியில் முறியும். அதுவரை அசையாமல் நின்ற தளம் அந்நொடியில் முழுவதுமாக இறங்கும். கீழே நிற்பவனுக்கு முன்னறிவிப்பு இராது. அன்று அவ்வீரர் உயிர் நீத்ததும் கூரை இவ்வாறு இடிந்ததனால்தான். இரும்பு உத்திரம் இருந்தால் இந்நிலை நேராது என்று எண்ண வேண்டா. ஏறத்தாழ 600 பாகை வெப்பத்தில் இரும்பு தன் வலிமையில் பாதியை இழந்து மெழுகுபோல் வளைந்துவிடும்.

கூரை வீழ்ந்த பின்னும் சுவர்கள் நின்றமை வியப்பன்று. செங்கல் தீயிலே பிறந்தது. காளவாயின் கனலில் ஒருமுறை வெந்தது மறுமுறை எளிதில் வேகாது. ஆயினும் சுவர்க்கு வேறு இடர்கள் உள. கூரையும் தளமும் இருக்கும்வரை எதிரெதிர்ச் சுவர்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். அவை போனபின் ஒவ்வொரு சுவரும் தனித்து நிற்கும். தீயை அணைக்கப் பீய்ச்சிய நீர் சுவரினுள் ஊறும். பின்னர் மழைக்காலம் வரும். மூடுகூரை இல்லாத சுவரின் தலைவழியே நீர் இறங்கிச் சாந்தைக் கரைக்கும். மறுமழையில் ஆலஞ்செடி முளைக்கும். எரிந்த கட்டடம் பல வேளைகளில் எரிந்த அன்று அழிவதில்லை. எரிந்தபின் பார்ப்பாரின்றிக் கிடந்த ஆண்டுகளில் அழிகின்றது.

கலச மகாலை இடித்துவிடலாம் என்னும் எண்ணமும் அக்காலத்தில் எழுந்தது. காத்தல் வேண்டும் என்று நகரின் பழமையில் நாட்டம் கொண்டோர் கூறினர். வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. இடிக்க எண்ணியோரைக் குறை கூற நான் துணியேன். கூரையின்றிக் கருகி நிற்கும் கட்டடத்தைப் பார்ப்பவர்க்கு முதலில் தோன்றுவது அதுவே. மேலும், சென்னை நகரில் அதற்கு முன் நடந்ததும் அதுவே.

அண்ணா சாலையில் 1890-களில் எழுந்த ஸ்பென்சர் கட்டடம் 1983-இல் தீக்கிரையாயிற்று. அவ்விடத்தில் இன்று நிற்பது ஒரு புதிய வணிக வளாகம். சென்ட்ரல் இரயில் நிலையத்தை அடுத்து 1900-இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட், 1985-ஆம் ஆண்டு மே மாதத்தில் எரிந்தது. பழைய புத்தகம் தேடி அலைந்த என் தலைமுறைத் தமிழாசிரியர்க்கு அஃது ஒரு கோயில் போன்றது. இடைநிலைப் பள்ளி ஆசிரியனின் சம்பளத்தில் வாங்க இயலாத நிகண்டுகளும் உரைநூல்களும் அங்கே தரையில் குவித்து வைக்கப்பட்டிருக்கும். பேரம் பேசத் தெரிந்தால் போதும். 2010-ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்ட எங்கள் ஊர் இரயில், அகலப் பாதையாக மாறி மீண்டும் வந்தது. 2023 சூன் 15 முதல் போடியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு நேரே வண்டி ஓடுகிறது. அவ்வண்டியில் சென்று இறங்கிய அன்று, மூர் மார்க்கெட் நின்ற இடத்தைக் கண்டேன். அங்கே புறநகர் இரயில் நிலையம் உள்ளது. மூர் மார்க்கெட் என்னும் பெயர் மட்டும் இன்னும் அதற்கு வழங்குகிறது.

அன்று நான் சென்றது பல்கலைக்கழகத்தில் பயிலும் என் பேரனைக் காண்பதற்காக. அவன்தான், "தாத்தா, எரிந்த அரண்மனையைப் பாருங்கள்" என்று அழைத்துச் சென்றான். எரிந்ததன் அடையாளம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. வெண்மையும் செம்மையும் கலந்து நின்றது மாளிகை.

இடிப்பதில்லை என்று முடிவான பின்னர், பொதுப்பணித்துறையினர் சீரமைப்பை மேற்கொண்டனர். அத்துறையின் தலைமை அலுவலகமும் அதே சேப்பாக்கத்திலேயே உள்ளது. அவர்கள் முன் நின்ற முதல் வினா, எப்பொருளால் கட்டுவது என்பதே. சிமெண்டு எளிது; கடையில் மூட்டையாகக் கிடைக்கும்; ஒரே நாளில் இறுகும்; அதனைக் கையாளத் தெரிந்த கொத்தனார் தெருவுக்குப் பத்துப் பேர் உளர். பழைய சுவரோ சுண்ணாம்பால் ஆனது. சுண்ணாம்பு நீற்றுவதற்கும், அரைப்பதற்கும், புளிக்க வைப்பதற்கும் அறிந்தவர் அரியர். ஆயினும் சுண்ணாம்பையே தேர்ந்தனர். அதன் காரணத்தை விளக்குதல் இன்றியமையாதது.

சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயிலிட்டு ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் சுட்டால், அதனுள் அடங்கிய கரியமில வாயு வெளியேறிவிடும். எஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதன்மேல் நீர் விட்டால் கொதித்துப் பொங்கி நீறாகும். அந்நீற்றை மணலோடு சேர்த்து அரைத்துச் சுவரில் வைத்தால், காற்றிலுள்ள கரியமில வாயுவை அது சிறிது சிறிதாக மீண்டும் உட்கொண்டு, பல மாதங்களில், பல ஆண்டுகளில், பழையபடி கல்லாக மாறும். தீயில் தான் இழந்ததைக் காற்றிலிருந்து திரும்பப் பெறுகிறது என்க. இவ்வாறு இறுகிய சாந்தில் நுண்ணிய துளைகள் உண்டு. சுவரில் ஏறிய ஈரம் அத்துளைகள் வழியே வெளியேறி உலரும். வெயிலில் செங்கல் சிறிது விரிந்தால் சாந்தும் சிறிது நெகிழ்ந்து கொடுக்கும். சிமெண்டு அவ்வாறு நெகிழாது. ஈரத்தையும் எளிதில் வெளியே விடாது. இளகிய பழஞ்செங்கலின்மேல் இறுகிய சிமெண்டைப் பூசினால், விரிசல் விழும்போது செங்கலே உடையும்.

இதனை நான் ஏட்டில் மட்டும் படித்துக் கூறவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுச் சுவரின் அடிப்பகுதியில் காரை பெயர்ந்தது. சுண்ணாம்பு வேலைக்கு ஆள் தேட எனக்குப் பொறுமையில்லை. தரையிலிருந்து நாலடி உயரம் சிமெண்டு பூசச் செய்தேன். பார்ப்பதற்கு வழவழப்பாக இருந்தது, நானும் மகிழ்ந்தேன். மூன்று மழைக்காலம் கழிந்தது. தரையிலிருந்து ஏறிய ஈரம் வெளியேற வழியின்றிச் சிமெண்டுப் பூச்சுக்குப் பின்னாலேயே மேலேறி, அப்பூச்சு முடிந்த இடத்தில், நாலடிக்கு மேல், வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. மலருக்கு வழங்கும் பூத்தல் என்னும் சொல்லை இக்கேட்டுக்கும் வழங்குகிறோமே என்று அன்று நொந்துகொண்டேன். அவ்வுப்புக்கு அருகில் சுவரலமாரியில் இருந்த என் ஆசிரியர் கைப்பட எழுதிய உரைக்குறிப்புகள் பூசணம் பிடித்துப் போயின. தீப்பற்றாமலே ஒரு வீட்டை எரிக்கலாம் என்பதை நான் அறிந்தது அவ்வாறு.

கடுக்காய்க்கு வருவோம். கடுக்காயை நசுக்கி வெல்லத்தோடு நீரில் ஊறப்போட்டுச் சில நாட்கள் புளிக்க வைப்பர். கடுக்காயிலுள்ள துவர்ப்பும் வெல்லத்தின் இனிப்பும் கூடிய அந்நீரைக் கொண்டு சுண்ணாம்பைக் குழைத்தால், சாந்து கைக்கு இசைந்து வரும். விரைந்து உலர்ந்து வெடிக்காது. மழைநீரையும் நன்கு தாங்கும். உட்சுவரின் இறுதிப் பூச்சுக்குக் கிளிஞ்சற் சுண்ணாம்பை வெண்ணெய்போல் அரைத்து, முட்டையின் வெண்கருவும் சேர்த்து, வழவழப்பான கல்லால் நாள் முழுவதும் தேய்ப்பர். பளிங்குபோல் முகம் காட்டும் அப்பூச்சைக் கண்டு வியந்த ஐரோப்பியர், சென்னைச் சுண்ணம் என்றே அதற்குப் பெயரிட்டனர். சுதை என்று பழந்தமிழ் நூல்கள் கூறுவது இச்சுண்ணச் சாந்தையே. அச்சொல் நூலில் நின்றுவிட்டது. அத்தொழில் சில கைகளில் மட்டும் நின்றது. சேப்பாக்கத்துப் பணிக்கு அக்கைகளைத் தேடித்தான் கண்டெடுக்க வேண்டியிருந்தது.

சாம்பலையும் இடிபாடுகளையும் அகற்றி, நின்ற சுவர்களைத் தாங்கி நிறுத்தி, பழைய முறையைத் தழுவியே மாளிகையை மீண்டும் எழுப்பினர். 2017-ஆம் ஆண்டில், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு கலச மகாலிற் குடிபுகுந்தது. காடும் ஆறும் காற்றும் பற்றிய வழக்குகள் இன்று அங்கே கேட்கப்படுகின்றன. காட்டு மரத்தின் காயால் நிமிர்ந்த கட்டடத்துக்கு இது பொருத்தமே. அதன்பின் தென்பாலிருந்த ஹுமாயூன் மகாலையும் சீரமைத்தனர். அது தீயால் அழிந்ததன்று. நெடுங்காலம் கவனிப்பாரின்றிச் சிதைந்தது. கலச மகாலில் கற்ற பாடம் அதற்குப் பயன்பட்டது.

எரிந்த எல்லாவற்றையும் இவ்வாறு எழுப்பிவிட முடியும் என்று கொள்ளலாகாது. எங்கள் ஊருக்கு அருகிலேயே அதற்குச் சான்று உண்டு. 2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் இரவு, மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் இருந்த கடைகளில் தீப்பற்றியது. அம்மண்டபம் கருங்கல்லால் ஆனது. கல் எரியாது என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் கருங்கல்லில் கலந்துள்ள படிகக் கல், 573 பாகை வெப்பத்தில் திடீரென்று விரியும். அவ்விரிவைத் தாங்காது கல் பாளம் பாளமாகப் பிளந்து உதிரும். செங்கற் சுவரில் ஒரு கல் உடைந்தால் அக்கல்லை மட்டும் மாற்றலாம். ஒரே கல்லில் செதுக்கிய தூண் பிளந்தால் தூணையே புதிதாகச் செதுக்க வேண்டும். அதற்கேற்ற பாறையை நாமக்கல் பகுதியில் தேடி, வெட்டி, மதுரைக்குக் கொணர்ந்து, சிற்பிகளைக் கொண்டு செதுக்கும் பணி பல ஆண்டுகள் நீண்டது.

கடல் கடந்த நாட்டிலும் இதே வினா எழுந்தது. பாரிசு நகரத்து நோத்ர தாம் பேராலயத்தின் கூரை 2019 ஏப்ரல் 15 அன்று எரிந்தது. எண்ணூறு ஆண்டுப் பழமை வாய்ந்த ஓக் மரக் கூரை அது. கண்ணாடியாலும் எஃகாலும் புதிய கூரை அமைக்கலாம் என்று சிலர் கூறினர். ஆயினும் ஏறத்தாழ 2000 ஓக் மரங்களை வெட்டிக் கொணர்ந்து, உத்திரங்கள் பலவற்றைக் கோடரியால் கையாற் செதுக்கி, இருந்தது இருந்தவாறே அமைத்தனர். 2024 டிசம்பரில் ஆலயம் திறக்கப்பட்டது. அவர்களுக்குப் பொருளும் இருந்தது. கோடரி பிடிக்கத் தெரிந்த தச்சரும் இருந்தனர். இவற்றுள் இரண்டாவதே அரிது என்பது என் கருத்து. பொருளை ஓர் ஆண்டில் திரட்டலாம். தச்சனை ஓர் ஆண்டில் ஆக்க இயலாது.

சென்னையிலிருந்து திரும்பியதும், எங்கள் ஊரில் எழுபது வயது கடந்த கொத்தனார் ஒருவரைத் தேடிச் சென்றேன். எங்கள் வீட்டுக்கு முதலில் சுண்ணாம்பு வேலை செய்தவர் அவருடைய தந்தையார். இப்போது அவர் கரணையை எடுப்பது அரிது. வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். காதை வைத்தும் கேட்டார்.

"வாத்தியாரையா, அன்றைக்கு நீங்கள் சிமெண்டு பூசச் சொன்னபோதே எனக்கு மனம் ஒப்பவில்லை" என்றார்.

"அன்றைக்கே அதைச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நீங்கள் படித்தவர்கள். நான் சொல்லிக் கேட்பீர்களோ, மாட்டீர்களோ என்று இருந்துவிட்டேன்."

அதற்கு நான் மறுமொழி கூறவில்லை. இருபது ஆண்டுகள் அவர் அவ்வழியே நாள்தோறும் நடந்து, அச்சுவரைப் பார்த்துக்கொண்டே சென்றிருக்கிறார்.

சிமெண்டை உளியால் மெல்லக் கொத்தி எடுத்து, சுவரை ஒரு கோடைக்காலம் முழுவதும் உலரவிட வேண்டும் என்று அவர் கூறினார். அவ்வாறே செய்தோம். அவருடைய பேரன் தேனியில் கட்டட வேலைக்குச் செல்பவன். சிமெண்டைத் தவிர வேறொன்றும் கலந்து பழகாதவன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவனை அழைத்து வருகிறார். நீற்றிய சுண்ணாம்பை எவ்வளவு நாள் தொட்டியில் மூழ்க வைப்பது, எப்போது மணல் சேர்ப்பது, மணியாசுக் கட்டையை எந்த அழுத்தத்தில் ஓட்டுவது என்று திண்ணையில் அமர்ந்தபடியே அவனுக்குச் சொல்லித் தருகிறார். அவன் முதலில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே கேட்டான். இரண்டாம் வாரம் அதனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டான்.

எங்கள் கொல்லையில் இரண்டு மண்பானைகள் உள்ளன. மலையிலிருந்து வந்த கடுக்காயும் அச்சு வெல்லமும் அவற்றில் ஊறுகின்றன. இன்று நான்காம் நாள். வாயைக் கட்டியுள்ள துணியை விலக்கினால் புளித்த மணம் வருகிறது. பானையைச் சுற்றி எறும்பும் வந்துவிட்டது. இன்னும் மூன்று நாள் பொறுக்க வேண்டும் என்கிறார் கொத்தனார்.